ரெண்டாவது ட்யூப்பை யார் எழுதிக் கொடுத்தது? மங்கு க்ரீம் பூசுறவங்க தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம்

உங்க ஹாஸ்டல் ஷெல்ஃப்ல ஃபேஸ்வாஷுக்கும் பவுடருக்கும் நடுவுல ஒரு சின்ன ட்யூப் இருக்கா? 15 கிராமோ 20 கிராமோ இருக்கும். அதை வாங்கச் சொன்னது ரூம்மேட்டா இருக்கலாம், ஊர்ல இருக்கிற அக்காவா இருக்கலாம், ரெண்டு வருஷம் முன்னாடி ஒருமுறை பார்த்த ஸ்கின் டாக்டராவும் இருக்கலாம். பூசின மூணாவது வாரமே கன்னத்துல இருந்த மங்கு வெளுத்துப் போச்சு. அதனால ட்யூப் தீர்ந்ததும் அடுத்தது வாங்கினீங்க. அப்புறம் அதுக்கு அடுத்தது.

இருந்தா, அதை இப்பவே எடுத்து மூலப்பொருள் பட்டியலைப் படிங்க. எழுத்து ரொம்பப் பொடிசா இருந்தா போன்ல போட்டோ எடுத்து ஜூம் பண்ணுங்க. ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின்னு ரெண்டு பேர் இருக்கும். கூடவே மூணாவதா மோமெட்டசோனோ ஃபுளுசினோலோனோ இருந்தால், நீங்க பூசுறது ஃபேர்னஸ் க்ரீம் கிடையாது. மூணு மருந்து கலந்த, டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய மருந்து. பெட்டியில் ஆர்எக்ஸ் என்ற குறியும், 'ஷெட்யூல் எச்' எச்சரிக்கை வரியும் அச்சிட்டிருக்கும். அந்தப் பெட்டியைக் கடை வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட்டு வருபவர்கள்தான் நம்மில் பாதிப் பேர்.

இந்த க்ரீம் கெட்டதுன்னு சொல்ல இதை எழுதலை. மங்குக்கு இன்றைக்கும் டாக்டர்கள் நம்பி எழுதும் மருந்துகளில் இது ஒன்று. பிரச்னை க்ரீமில் இல்லை, அதன் முடிவுத் தேதி காணாமல் போனதில் இருக்கிறது.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். 1975-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மேனும் ஐசாக் வில்லிஸும் இந்த மூன்று மருந்துக் கலவையை வெளியிட்டார்கள். (அதே 1975-லதான் நம்ம ஊர்ல ஃபேர் அண்ட் லவ்லியும் கடைக்கு வந்தது. ரெண்டும் ஒரே ஷெல்ஃப்ல வந்து சேரும்னு அப்போ யாரும் நினைச்சிருக்க மாட்டாங்க.) ஹைட்ரோகுயினோன், தோலுக்கு நிறம் தரும் மெலனின் உற்பத்தியை மட்டுப்படுத்தும். டிரெட்டினாயின் மேல்தோலைச் சீக்கிரம் உதிர்த்துப் புதுப்பிக்கும். இந்த ரெண்டும் சேர்ந்தால் முகம் எரியும், சிவக்கும். அந்த எரிச்சலை அடக்கத்தான் மூணாவதாக ஒரு ஸ்டீராய்டு. அதாவது, ஸ்டீராய்டு இந்தக் கூட்டணியில் காவலுக்கு வந்த ஆள். கொஞ்ச நாள் இருந்துவிட்டுக் கிளம்ப வேண்டியவர். ஆனால் முகத்தைச் சட்டென்று வெளுப்பாகவும் வழுவழுப்பாகவும் காட்டுவதில் அவருக்கும் பங்கு இருப்பதால், அனுப்ப நமக்கு மனசு வருவதில்லை.

2002-ல் இதே வகைக் கலவை ஒன்றுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தபோது, லேபிளில் எழுதிய கால அளவு 8 வாரம். அதுவும் அதில் இருந்தது வீரியம் குறைந்த ஸ்டீராய்டு, ஃபுளுசினோலோன் 0.01%. நம் கடைகளில் கிடைக்கும் பல கலவைகளில் அதற்குப் பதிலாக மோமெட்டசோன் 0.1% இருக்கிறது. அது இதைவிட வீரியமானது. ஆக, அங்கே 8 வாரம் என்றால் இங்கே அதைவிட எச்சரிக்கையாகத்தான் இருக்க வேண்டும்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. முகத்தில் மங்கு இருக்கும் இடத்தில் மட்டும் பூச, ஒரு நாளைக்குப் பட்டாணி அளவு போதும், ஏறக்குறைய கால் கிராம். 8 வாரம் என்பது 56 நாள். பெருக்கிப் பாருங்க, 14 கிராம்தான் வருது. ஒரு ட்யூப்பே முழு சிகிச்சைக்கும் போதும்! ஒரே மாசத்துல ட்யூப் தீர்ந்துச்சுன்னா, மாய்ஸ்சரைசர் மாதிரி முகம் முழுக்கத் தேய்க்கிறீங்கன்னு அர்த்தம். ரெண்டாவது ட்யூப் வாங்கப் போறீங்கன்னா கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: இதை எழுதிக் கொடுத்தது யார்?

எல்லைக்கு ரெண்டு பக்கமும் ஒரே சட்டம்

மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டம் 1940-ம் வருஷத்தது, மத்திய சட்டம். ஜூஜூவாடியில் வாங்கினாலும் சரி, செக்போஸ்ட் தாண்டி அத்திப்பள்ளியில் வாங்கினாலும் சரி, ஷெட்யூல் எச் மருந்துக்குச் சீட்டு வேண்டும். ஆனால் வெளிப்பூச்சு மருந்துகளுக்கு இந்த விதியில் ரொம்ப நாளாக ஒரு சலுகை இருந்தது. மாத்திரையாக விழுங்கினால் சீட்டு கட்டாயம், மேலே பூசினால் தேவையில்லை என்ற மாதிரி. தோல் மருத்துவர்கள் சங்கம் வருஷக்கணக்கில் இதை எதிர்த்து, டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டுகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, வெளிப்பூச்சாக இருந்தாலும் சீட்டு வேண்டும் என்று அறிவித்தது.

சட்டம் வந்துவிட்டது. சீட்டு வந்ததா என்பதுதான் விஷயம். இந்தியத் தோல் மருத்துவ இதழில் 2011-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தப் பழக்கம் எவ்வளவு பரவலானது என்று காட்டியது. நாட்டின் 12 மையங்களில், முகத்தில் ஏதாவது பிரச்னை என்று வந்த 2,926 பேரை விசாரித்தார்கள். 433 பேர், அதாவது 14.8%, ஏற்கெனவே முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அதைச் சொன்னது டாக்டர் இல்லை. தோழி, சொந்தக்காரர், கடைக்காரர், பார்லர். இந்த முகத்துக்கு மருத்துவர்கள் ஒரு பெயரே வைத்துவிட்டார்கள்: ஸ்டீராய்டால் சேதமான முகம்.

இப்போ ஓசூர் - கிருஷ்ணகிரி பக்கம் வருவோம். பைக், லாரி, வாட்ச் என்று வளர்ந்த இந்தப் பகுதியில் இன்று ஐபோன் பாகங்கள் செய்யும் டாடா எலெக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளியில் ஓலா என்று புது ஆலைகள் வந்திருக்கின்றன. இவற்றில் வேலை செய்பவர்களில் பெரும்பகுதி இளம்பெண்கள். தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். ஜார்க்கண்ட் மாதிரி வட மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். ஒரு அறையில் பல பேர், ஷிஃப்ட் வேலை, வாரத்துக்கு ஒரு நாள் லீவு. அந்த ஒரு நாளில் துணி துவைப்பதா, டாக்டருக்கு டோக்கன் போட்டு உட்காருவதா? ரூம்மேட்டின் சீட்டை வாட்ஸ்அப்பில் வாங்கிக் கடையில் காட்டுவது இப்படித்தான் வழக்கமாகிறது. இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவது சுலபம். எனக்கு அது சரியாகப் படவில்லை.

இன்னொன்று மொழி. ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இப்போது இந்தி. ட்யூப்பில் இருப்பதோ பொடி எழுத்து ஆங்கிலம். "ராத்திரி மட்டும், மங்கு மேல மட்டும், ரெண்டு மாசம் மட்டும்" என்று சொல்ல மூணு 'மட்டும்' வேண்டும். கடையில் கூட்ட நேரத்தில் எந்த மொழியிலும் அது முழுசாக வந்து சேர்வதில்லை. "தினம் பூசு" என்பது மட்டும் எல்லா மொழியிலும் புரிந்துவிடுகிறது.

நாலாவது மாசத்துக்கு அப்புறம்

ஸ்டீராய்டு முகத்தில் தொடர்ந்து பட்டால் தோல் மெலிந்து போகும். கன்னத்தில் சிவப்பு நூல் மாதிரி ரத்த நாளங்கள் தெரியும். சின்னச் சின்னப் பருக்கள் கூட்டமாக வரும். மீசை, தாடை ஓரம் முடி வளரும். வெயிலில் ரெண்டு நிமிஷம் நின்றால் முகம் தீயாக எரியும். இதில் பொறி எங்கே என்றால், க்ரீமை ஒரு நாள் நிறுத்தினால் எல்லாம் இன்னும் மோசமாகும், மறுபடி பூசினால் அடங்கும். "இந்த க்ரீம்தான் எனக்கு செட் ஆகுது, விட்டா முகமே போயிடுது" என்று யாராவது சொன்னால் அது க்ரீமுக்கான சர்டிஃபிகேட் இல்லை. முகம் அதற்கு அடிமையாகிவிட்டதற்கான அறிகுறி.

ஹைட்ரோகுயினோன் தன் பங்குக்கு இன்னொன்று செய்யும். மாசக்கணக்காக, வருஷக்கணக்காகப் பூசினால் கன்ன எலும்பு மேல் நீலம் கலந்த கருமை படிய ஆரம்பிக்கும். ஓக்ரோனோசிஸ் என்று பெயர். கருமையை நீக்க வந்த மருந்தே கருமையாகப் படிந்து, லேசில் போகாது. மங்குதான் அதிகமாகிறது என்று நினைத்து இன்னும் அழுத்திப் பூசுவார்கள், அது இன்னும் கறுக்கும். தென்னாப்பிரிக்காவில் இது பெரிய அளவில் வந்ததால்தான் 1990-ல் அழகு க்ரீம்களில் ஹைட்ரோகுயினோனைத் தடை செய்தார்கள். ஐரோப்பிய யூனியன் 2001-ல் இதே முடிவுக்கு வந்தது. அமெரிக்காவில் 2020-லிருந்து சீட்டு இல்லாமல் கிடைக்காது. இத்தனை நாடுகளும் டாக்டர் கையிலிருந்து அந்த மருந்தைப் பிடுங்கவில்லை, கடை ஷெல்ஃபிலிருந்துதான் எடுத்தன.

அதற்காக "மருந்தே வேண்டாம், ஆன்லைன்ல நேச்சுரல்னு ஒரு க்ரீம் வருது" என்று தாவினால் அது அதைவிட ஆபத்து. பக்கத்து மாநிலக் கதையைக் கேளுங்க. கேரளாவின் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரக வடிகட்டியைத் தாக்கும் ஒரு நோயோடு வந்த 22 பேரை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு அபூர்வமான ஒரு வகை. அந்த 15-ல் 13 பேர் ஃபேர்னஸ் க்ரீம் பூசியவர்கள். காரணம் பாதரசம். முகத்தில் பூசியது சிறுநீரில் புரதமாகக் கசிந்தது. 2024-ல் சர்வதேசச் சிறுநீரக இதழில் இது வெளியானது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடை கடையாக ரெய்டு போனது. தயாரிப்பாளர் முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் எண் மூணும் இல்லாத டப்பாவைத் திறக்கவே திறக்காதீங்க. வெளிநாட்டு க்ரீம் என்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.

எல்லாக் கருமையும் மங்கு இல்லை

கடைக்காரர் பார்ப்பது உங்க முகத்தை அரை நிமிஷம், அதுவும் ட்யூப்லைட் வெளிச்சத்தில். ஆனால் கறுப்பாக இருப்பதெல்லாம் ஒரே நோய் இல்லை. கழுத்தும் அக்குளும் வெல்வெட் மாதிரி தடித்துக் கறுத்தால் அது பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். க்ரீம் வாங்கும் காசில் ரத்தச் சர்க்கரை பாருங்க. நெற்றி ஓரமும் காது ஓரமும் கறுத்தால் ஹேர் டையைச் சந்தேகப்படணும். பொட்டு வைக்கும் இடம் மட்டும் கறுத்தால் குங்குமத்தை, ஸ்டிக்கர் பொட்டின் பசையை. அரிப்போடு வட்டமாகப் படரும் கருமை படர்தாமரையாக இருக்கலாம். அதன் மேல் ஸ்டீராய்டு பூசினால் முதல் வாரம் அரிப்பு அடங்கும். அப்புறம் பூஞ்சை அடையாளமே தெரியாத மாதிரி பரவும், டாக்டரே குழம்புவார்.

சிப்காட்டில் சி.என்.சி. மெஷினில் நிற்கிற தம்பிகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கூலன்ட் எண்ணெய் தெறித்து முன்கையிலும் தொடையிலும் மயிர்க்கால்களில் கொப்புளம் வரும், ஆறினால் கறுப்புப் புள்ளி நிற்கும். இதற்கு எந்த க்ரீமும் நிரந்தரமாக உதவாது. எண்ணெய் ஊறின யூனிஃபார்மைத் தினம் மாற்றுவது, ஷிஃப்ட் முடிந்ததும் சோப்பு போட்டுக் கழுவுவது, முழங்கை வரை கவர் பண்ணுவது என்று காரணத்தை நிறுத்தினால்தான் கருமை நிற்கும். அந்தக் கவரைத் தருவது கம்பெனியின் வேலை, கேளுங்க.

சரி, டாக்டரே பார்த்து, மங்குதான் என்று உறுதி செய்து, இதே க்ரீமை எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போ எப்படிப் பூசணும்?

ராத்திரி, முகம் கழுவி ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு, கருந்திட்டின் மேல் மட்டும். கண் இமை, மூக்கு ஓரம், உதட்டு ஓரம் வேண்டாம். நைட் ஷிஃப்ட்காரர்களுக்கு இங்கேதான் குழப்பம். 'ராத்திரி' என்றால் கடிகாரத்தின் ராத்திரி இல்லை, நீங்க தூங்கப் போகும் நேரம். வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் காலை வெயிலில் வரும்போது முகத்தில் இந்த மருந்து இருக்கக் கூடாது. ரூமுக்கு வந்து, சாப்பிட்டு, வெளிச்சம் வராத அறையில் படுக்கும் முன் பூசுங்க. எழுந்ததும் கழுவிவிட்டுத்தான் வெளியே வரணும். ஷிஃப்ட் மாறுகிற வாரத்தில் ஒரு வேளை விட்டுப்போனால் போகட்டும், மறுநாள் ரெண்டு மடங்கு பூசி ஈடுகட்ட வேண்டாம். நீங்க ஷிஃப்டில் வேலை பார்ப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்க.

பரு க்ரீமில் பென்சாயில் பெராக்சைடு இருந்தால் அதை இதோடு சேர்த்துப் பூசாதீங்க, தோலில் தற்காலிகமாகக் கறை பிடிக்கும். ட்யூப்பில் இருந்து வரும் க்ரீம் பழுப்பு நிறமாகிவிட்டால் ஹைட்ரோகுயினோன் கெட்டுவிட்டது என்று அர்த்தம், தூக்கிப் போடுங்க. கர்ப்பமாக இருந்தாலோ, அதற்குத் திட்டமிட்டாலோ இந்த க்ரீமே வேண்டாம். மங்கு வருவதே பல பேருக்குக் கர்ப்ப காலத்தில், கருத்தடை மாத்திரை எடுக்கும்போது என்பதால் இதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லணும். அசெலாயிக் ஆசிட் மாதிரி வேறு வழிகள் அவரிடம் இருக்கு. மங்குக்கு டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரை என்று ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. ரத்தம் உறைவதோடு சம்பந்தப்பட்ட மருந்து அது. நீங்களா வாங்கி விழுங்குற சமாச்சாரம் இல்லை.

சன்ஸ்கிரீன் இல்லாமல் இந்த க்ரீம் பூசுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. "ஓசூர் குளுகுளு ஊர், இங்க எதுக்கு சன்ஸ்கிரீன்?" என்று கேட்பவர்கள் உண்டு. குளிர் என்பது வெப்பநிலை. தோலைக் கறுக்க வைப்பது புற ஊதாக் கதிர். அது மேகத்தையும் தாண்டி வரும், உயரம் கூடக் கூட அதிகமாகும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், வெளியே போவதற்கு 15 நிமிஷம் முன்னாடி, வெளியிலேயே இருந்தால் ரெண்டு, மூணு மணி நேரத்துக்கு ஒருமுறை. மங்கைப் பொறுத்தவரை கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே அதைத் தூண்டும். அதனால் அயர்ன் ஆக்சைடு சேர்த்த, லேசாக நிறம் உள்ள சன்ஸ்கிரீன் கூடுதல் பலன் தரும். ஆலைக்குள் எல்லா நேரமும் பூச முடியாது, சில இடங்களில் க்ளீன் ரூமுக்குள் க்ரீம், மேக்கப் எதற்குமே அனுமதி இருக்காது. அப்படியென்றால் பஸ் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும்தான் உங்களுக்கு முக்கியம். குடையும் துப்பட்டாவும் இருக்கு, அதற்கு சீட்டு வேண்டாம்.

இன்னொரு உண்மையையும் சொல்லிடணும். மங்கு மறுபடி வரும் குணம் கொண்டது. 8 வாரம் முடிந்து டாக்டர் க்ரீமை நிறுத்தினால், வேறு லேசான மருந்துக்கு மாற்றுவார், சன்ஸ்கிரீன் தொடரும். முழுசாகத் துடைத்த மாதிரி போகும் என்று எந்த டாக்டராவது சத்தியம் செய்தால் சந்தேகப்படுங்க. பாதி குறைந்ததையே வெற்றி என்று எடுத்துக்கொள்ள முடியாமல், பொண்ணு பார்க்க வரும் தேதிக்குள் முகம் வெளுக்கணும் என்று நினைப்பதுதான் பல வீடுகளில் ரெண்டாவது ட்யூப்பை வாங்க வைக்கிறது. 2020-ல் ஃபேர் அண்ட் லவ்லி பெயரை மாற்றிக்கொண்டது. வீட்டுப் பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை.

ஏற்கெனவே ஆறு மாசமா பூசுறீங்களா?

பயந்துபோய் இன்றைக்கே குப்பையில் போட்டுவிடாதீங்க. ரொம்ப நாள் பூசிய ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் முகம் சிவந்து, வீங்கி, எரிந்து படாதபாடு படுத்தும். அந்த அவஸ்தை தாங்காமல்தான் நிறைய பேர் மறுபடி அதே ட்யூப்புக்குப் போகிறார்கள். தொடர்ந்து பூசவும் வேண்டாம். இந்த வார லீவு நாளைத் தோல் டாக்டருக்கு ஒதுக்குங்க. எப்படிக் குறைத்து நிறுத்துவது, இடையில் எரிச்சலுக்கு என்ன பூசுவது என்று அவர் சொல்வார். சில வாரத்திலிருந்து சில மாசம் வரை ஆகும், பெரும்பாலானவர்களுக்கு முகம் தேறிவிடும்.

காசு இல்லை என்பவர்கள் சம்பளச் சீட்டைப் பாருங்க. மாசம் 21,000 ரூபாய் வரை சம்பளம் என்றால் அதில் 0.75% ஈ.எஸ்.ஐ.க்குப் பிடித்திருப்பார்கள், கம்பெனி 3.25% கட்டியிருக்கும். அது உங்க காசு. ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டி, தோல் டாக்டருக்குப் பரிந்துரை கேளுங்க. கான்ட்ராக்ட் மூலம் வேலைக்கு வந்தவர்களுக்கும் இது உண்டு, ஈ.எஸ்.ஐ. எண் தரவில்லை என்றால் ஹெச்.ஆரிடம் கேட்டு வாங்குங்க. அது இல்லாதவர்களுக்குக் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. போவதற்கு முன்னாடி எந்தக் கிழமை தோல் நோய் ஓ.பி. என்று விசாரித்துவிட்டுப் போனால் ஒரு நாள் லீவு வீணாகாது. 104-க்கு போன் பண்ணினாலும் மருத்துவ ஆலோசனை கிடைக்கும்.

போகும்போது முகத்தில் பூசும் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்க, பார்லரில் கொடுத்த டப்பா உட்பட. "ஏதோ வெள்ளைக் க்ரீம்" என்று சொன்னால் டாக்டரால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. எத்தனை மாசம், மொத்தம் எத்தனை ட்யூப் என்று கூச்சப்படாமல் சொல்லுங்க. பெட்டி தொலைந்துபோயிருந்தால் காலி ட்யூப்பே போதும். அடியில் மடித்திருக்கிற இடத்தை நிமிர்த்திப் பாருங்க, பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் அங்கேதான் அடித்திருக்கும்.